மெழுகைக் குறை சொல்லும் முன் திரியைப் பாருங்கள்



எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் தேன் காலம். அது முடிந்து மழை தொடங்கினால் பெட்டிகளுக்குச் சீனிப்பாகு ஊற்றிக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அந்த ஓய்வில்தான் பலரும் சேர்த்து வைத்த அடைகளை உருக்கி மெழுகு எடுக்கிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ் என்று மெழுகுதிரிக்குத் தேவை வரிசையாக வருகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெழுகுதிரியைப் பற்றியே. ஒரே அடியாக எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: "நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்த சுய உதவிக் குழு. எல்லோர் வீட்டிலும் தேன் பெட்டி உண்டு. இந்த வருடம் கிடைத்த மெழுகு மொத்தம் 5 கிலோ. பக்கத்து ஆலயத்தில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி வாங்கிக்கொள்கிறோம், முதலில் மாதிரி காட்டுங்கள் என்றார்கள். 5 செ.மீ குறுக்களவு, 10 செ.மீ உயரம் உள்ள அச்சில் 24 வார்த்தோம். பார்க்க நன்றாக இருக்கிறது. ஏற்றினால் அரை மணி நேரத்தில் நடுவில் குழி விழுந்து, திரி மெழுகில் முங்கி அணைந்துவிடுகிறது. திரியை இரட்டையாக முறுக்கிப் போட்டால் கரும்புகை. கடைக்காரர், 'தேன் மெழுகு அப்படித்தான், பாதிக்குப் பாதி பாரஃபின் கலந்தால் சரியாகிவிடும்' என்கிறார். கலக்கலாமா? எங்கள் மெழுகு கெட்டுப்போய்விட்டதா?" (வாசகி, குலசேகரம் அருகே)

பதில்: சகோதரி, முதலில் நிம்மதியாக இருங்கள். உங்கள் மெழுகு ஒரு கிராம்கூட வீணாகவில்லை. 24 மெழுகுதிரியையும் மறுபடி உருக்கி, திரியை எடுத்துப் போட்டுவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் மெழுகு அப்படியே உங்கள் கையில் இருக்கும். பிழைத்த தோசையைத் திரும்ப மாவாக்க முடியாது. பிழைத்த மெழுகுதிரியைத் திரும்ப மெழுகாக்கலாம். இந்தத் தொழிலில் உள்ள பெரிய ஆறுதல் அதுதான்.

கடைக்காரர் சொன்னதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கோளாறு உங்கள் திரியில். இதை நான் தைரியமாகச் சொல்லக் காரணம், இதே பிழையை நானும் செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு 40 மெழுகுதிரி வார்த்துக் கொடுத்தேன். திரிக்கு என்ன போட்டேன் தெரியுமா? குத்துவிளக்குக்குப் போடுகிற பஞ்சுத் திரியை இன்னும் கொஞ்சம் முறுக்கிப் போட்டேன். எண்ணெயில் எரிகிற திரி மெழுகில் எரியாதா என்ற நினைப்பு. சபை கூடி, ஏற்றி, ஐந்து நிமிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஏற்றிக் கொடுத்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மக்ளே, மெழுகு உனக்குத் தேனீ தந்தது. திரி நீ தந்ததாக்கும்" என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

மெழுகுதிரி எப்படி எரிகிறது?

எரிவது திரி இல்லை, மெழுகு. தீயின் சூட்டில் மேலே உள்ள மெழுகு உருகிக் குளம் கட்டுகிறது. அந்தக் குளத்திலிருந்து திரி மெழுகை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. மேலே போனதும் மெழுகு ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. கிணற்றுக்கு மோட்டார் மாதிரி, மெழுகுக்குத் திரி. ஊற்று அதிகம், மோட்டார் சிறிது என்றால் தண்ணீர் நிறைந்து மோட்டாரே முங்கும். மோட்டார் பெரிது, ஊற்றுக் குறைவு என்றால் காற்றை இழுத்துக் கத்தும். உங்களுக்கு முதல் தடவை நடந்தது முதல் கதை. இரட்டையாக முறுக்கியபோது நடந்தது இரண்டாவது கதை.

எண்ணெய் விளக்குத் திரி ஏன் ஒத்துவரவில்லை? எண்ணெய் முதலிலேயே நீராக இருக்கிறது. எந்தத் திரியும் எளிதாக உறிஞ்சிவிடும். தேன் மெழுகு உருகவே 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகிய பிறகும் பாரஃபினைவிடக் கொழகொழப்பாக இருக்கும். அதனால் ஒரே அச்சில் பாரஃபினுக்கு எரிகிற திரி, தேன் மெழுகுக்குப் போதாது. பெரும்பாலும் ஒன்று இரண்டு அளவு தடித்த திரி வேண்டியிருக்கும். கடையில் "மெழுகுதிரி நூல்" என்று பொதுவாகக் கேட்டால் கிடைப்பது பாரஃபினுக்கான மெல்லிய நூல்தான். நீங்கள் போட்டதும் அதுவாகவே இருக்கும்.

முறுக்கா, பின்னலா?

தடித்த திரி என்றவுடன் நூலை நான்காக மடித்து முறுக்கிவிடக் கூடாது. முறுக்குத் திரி எரியும்போது நேராக நட்டுக்கொண்டு தீயின் நடுவிலேயே நிற்கும். அங்கே காற்று குறைவு. அதனால் கருகிய நுனி சாம்பலாகாமல் வளர்ந்து, காளான் மாதிரி தலை கட்டும். அதிலிருந்துதான் புகை வருகிறது. அந்தக் காலத்தில் மெழுகுதிரிப் பக்கத்திலேயே ஒரு கத்தரி வைத்து, அடிக்கடி நுனியை வெட்டிக்கொண்டே இருப்பார்களாம். 1825-இல் பிரான்சில் கம்பசெரே என்பவர் திரியைப் பின்னிப் போட்டால் இந்த வேலை இல்லை என்று கண்டுபிடித்தார். பின்னல் திரி எரிய எரிய ஒரு பக்கமாக வளையும். நுனி தீயின் ஓரத்துக்கு வந்து, காற்றுப் பட்டு, தானாகவே சாம்பலாகிவிடும். இன்றைக்கும் நல்ல திரி எல்லாம் பின்னல் திரிதான்.

பின்னலில் இரண்டு வகை முக்கியம். தட்டைப் பின்னல், பெண்பிள்ளைகளின் சடை மாதிரி மூன்று கால் பின்னல். மெலிந்த நீள மெழுகுதிரிக்குப் போதும். சதுரப் பின்னல் நான்கு பக்கமும் கட்டியாக இருக்கும். கொழகொழப்பான மெழுகையும் இழுக்கும். தேன் மெழுகை அச்சில் வார்ப்பவர்களுக்கு நான் சொல்வது சதுரப் பின்னல்.

அளவு எண்ணில் ஒரு குழப்பம் உண்டு, கவனியுங்கள். சதுரப் பின்னலில் 6/0 என்பது மிக மெல்லியது. 4/0, 2/0, 1/0 என்று தடித்துக்கொண்டே வந்து, அதன் பிறகு 1, 2, 3 என்று இன்னும் தடிக்கும். "6 பெரிய எண்தானே" என்று 6/0 வாங்கி ஏமாறாதீர்கள். சில கடைகளில் இந்த எண்ணே கிடையாது. இழைக் கணக்கில் விற்பார்கள். அங்கே இழை கூடினால் திரி தடிமன் என்று அர்த்தம். ஒரு கடை எண்ணும் இன்னொரு கடை எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு கடையில் சரியாக வந்துவிட்டால் அதே கடையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 5 செ.மீ அச்சுக்கு 1/0, 1, 2, 3 என்ற நான்கு அளவிலும் சில மீட்டர் மட்டும் வாங்குங்கள். 2 செ.மீ மெலிந்த திரி வார்ப்பவர்கள் 4/0, 2/0 இரண்டிலிருந்து தொடங்கலாம். இது தொடக்கத்துக்கான அளவுதான். உங்கள் மெழுகுக்கும் உங்கள் அச்சுக்கும் எது சரி என்பதை எரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நான் எண் ஒன்றைச் சொல்லி, நீங்கள் அதை நம்பி 24 வார்த்து, மறுபடி முங்கினால் பாவம் எனக்கு.

எரித்துப் பார்ப்பது எப்படி?

சோதனைக்கு மெழுகு அதிகம் செலவாக வேண்டாம். ஒரு வழி சொல்கிறேன். அச்சின் நடுவில் திரிக்குப் பதில் பழைய சைக்கிள் கம்பி ஒன்றில் தேங்காய் எண்ணெய் தடவி நேராக நிறுத்தி வாருங்கள். மெழுகு கெட்டியானதும் கம்பியை மெல்லத் திருகி உருவினால் நடுவில் துளை இருக்கும். அதில் எந்த அளவுத் திரியை வேண்டுமானாலும் நுழைத்து எரித்துப் பார்க்கலாம். நான்கு அளவுக்கு நான்கு மெழுகுதிரி. சோதனை முடிந்ததும் மிச்சத்தை உருக்கிக்கொள்ளலாம்.

நுழைப்பதற்கு முன்பு திரியை உருகிய மெழுகில் போடுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். குமிழ் நின்றதும் எடுத்து, இழுத்து நேராக்கி, செய்தித்தாளில் ஆற விடுங்கள். திரிக்குள் காற்று இருந்தால் முதல் ஏற்றத்திலேயே தடுமாறும். இன்னொன்று, பின்னலை உற்றுப் பாருங்கள். ஆங்கில 'வி' எழுத்து அடுக்கடுக்காகத் தெரியும். அந்த 'வி'யின் வாய் மேல் நோக்கி இருக்கும்படி திரியை வையுங்கள். தென்னை ஓலை மேலே விரிந்து நிற்பது போல என்று நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது.

இனி எரிப்பது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். திரியை மெழுகுக்கு மேல் 6 மி.மீ மட்டும் விட்டு வெட்டுங்கள். நான்கையும் எடை போட்டு, அடியில் எண் எழுதி, தட்டில் வைத்து ஒரே நேரத்தில் ஏற்றுங்கள். ஒரு நோட்டில் 15 நிமிடம், 1 மணி, 2 மணி, 3 மணி என்று நான்கு முறை குறியுங்கள். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

குளம் எவ்வளவு அகலம்? ஓர் அங்குலக் குறுக்களவுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. உங்கள் மெழுகுதிரி 2 அங்குலம். அதனால் 2 மணி நேரத்தில் குளம் ஓரத்தை நெருங்கி, சுற்றிலும் 5 மி.மீ அளவுக்கு மெல்லிய சுவர் மட்டும் நிற்க வேண்டும். குளம் சின்னதாகவே நின்று கீழே குழி பறித்தால் திரி சிறிது. ஓரம் உடைந்து மெழுகு வழிந்தால் திரி பெரிது.

தீ எப்படி இருக்கிறது? ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை அமைதியாக நின்றால் சரி. அதற்கு மேல் எழுந்து ஆடினால் திரி பெரிது. பயறு அளவுக்குச் சுருங்கினால் சிறிது.

நுனியில் காளான் கட்டுகிறதா? தீக்கு மேலே ஒரு கை உயரத்தில் வெள்ளைப் பீங்கான் தட்டை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். கரி படிந்தால் திரி பெரிது.

3 மணி நேரம் கழித்து அணைத்து, முழுவதும் ஆற விட்டு, மறுபடி எடை போடுங்கள். பிறகு இன்னொரு முறை ஏற்றுங்கள். முதல் ஏற்றத்தில் நன்றாக எரிந்து இரண்டாவதில் முங்குகிற திரிகள் உண்டு. வாங்கிக்கொண்டு போகிறவர் ஒரே தடவையில் எரித்து முடிக்க மாட்டார் அல்லவா? எடையிலிருந்து இன்னொரு கணக்கும் கிடைக்கும். 190 கிராம் மெழுகுதிரி 3 மணி நேரத்தில் 18 கிராம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 கிராம். அப்படியானால் மொத்தம் சுமார் 30 மணி நேரம் எரியும். இதை வாங்குபவரிடம் சொல்லிப் பாருங்கள். விலை அதிகம் என்கிற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆலயத்துக்கு என்றால் ஒரு சோதனை அதிகம். கல்லறைத் தோட்டம் திறந்தவெளி. நம் மாவட்டத்தில் காற்றுக்குக் குறைவில்லை. தேர்ந்தெடுத்த திரியை ஒரு நாள் மாலை திண்ணையில் வைத்து ஏற்றுங்கள். காற்றில் தீ ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கச் சுவர் உடைந்து வழியும். அப்படி வழிந்தால் அதற்குத் திரியை மாற்றிப் பயனில்லை. காற்றுத் தடுப்புக்கு ஒரு கண்ணாடிக் கூண்டோ காகிதக் கூண்டோ வேண்டும் என்று வாங்குபவரிடமே சொல்லிவிடுங்கள்.

திரி சரி, இன்னும் முங்குகிறது என்றால்?

அப்போது மெழுகைப் பார்க்கலாம். கெட்டுப்போனதா என்று அல்ல, சுத்தமாக இருக்கிறதா என்று. மெழுகில் தேன், மகரந்தத் தூள், அடைக் கழிவு கொஞ்சம் இருந்தாலும் அது திரியின் இழைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சொட்டுநீர்க் குழாயில் மண் அடைப்பது போலத்தான். பழைய கருத்த அடையை உருக்கிய மெழுகில் இது அதிகம். மெழுகைத் தண்ணீரோடு எவர்சில்வர் பாத்திரத்தில் உருக்கி, துணியில் வடிகட்டி, பாத்திரத்தைச் சாக்குப் போட்டு மூடி மெதுவாக ஆற விடுங்கள். மெல்ல ஆறினால் அழுக்கு அடியில் படியும். கட்டியைக் கவிழ்த்து அடிப்பகுதியைச் சுரண்டி எறியுங்கள். இரண்டு முறை செய்தால் போதும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதுவே நல்லது. கிணற்றுத் தண்ணீரின் உப்பு மெழுகோடு சேர்ந்து பிசுபிசுப்பாக்கும். இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம், நிறம் கெடும்.

பாரஃபின் கலக்கலாமா?

கலந்தால் நீங்கள் வாங்கி வைத்திருக்கிற மெல்லிய திரி எரிந்துவிடக்கூடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது வேறு பொருள். அதைத் தேன் மெழுகுதிரி என்று விற்கக் கூடாது. கலப்பு என்று எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைச் சொல்லிக் கொடுத்தார். அங்கே தொடங்கி நம் ஊர்க்காரர்கள் கட்டி வளர்த்த பெயர் இது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்குப்புழு நோய் வந்து பெட்டி பெட்டியாக அழிந்தது. அதிலிருந்தும் மீண்டு வந்தோம். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தேனுக்குக் கிடைத்த நம்பிக்கை மெழுகுக்கும் கிடைக்க வேண்டுமானால் அது உங்களைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது. 100 கிலோ தேன் எடுத்தால் ஒன்றிரண்டு கிலோ மெழுகுதான் மிஞ்சும். உங்கள் 5 கிலோவுக்குப் பின்னால் எத்தனை பெட்டி, எத்தனை நாள் உழைப்பு என்று உங்களுக்கே தெரியும். சில மீட்டர் நூலுக்காக அதன் பெயரைக் கெடுக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை: ஒருமுறை பாரஃபின் கலந்த மெழுகைத் திரும்ப அடைத்தாள் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் பெட்டிக்கோ பக்கத்து வீட்டுப் பெட்டிக்கோதான் திரும்பி வரும்.

கேள்வி: "திரியை வெளியில் வாங்காமல் வீட்டிலேயே செய்ய முடியாதா?" (வாசகர், திருவட்டாறு)

பதில்: முடியும். சாயம் போடாத சுத்தமான பருத்தி நூல் வேண்டும். நைலான், பாலியஸ்டர் கலந்தது உருகி உருண்டையாகிவிடும். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. சுருண்டு கடினமான மணி கட்டினால் கலப்பு.

ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி வெங்காரம் கரைத்து, நூலை ஓர் இரவு ஊற வையுங்கள். இரண்டு நாள் நன்றாக உலர்த்திய பிறகு சடையாகப் பின்னி, மெழுகில் தோய்த்து எடுங்கள். வெங்காரம் திரி சட்டென்று கருகாமல் நிதானமாக எரிய உதவும். வெங்காரம் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். பிள்ளைகள் கைக்கும் சமையல் பாத்திரத்துக்கும் எட்டாமல் வையுங்கள்.

வீட்டுத் திரியில் உள்ள ஒரே கஷ்டம், இன்று பின்னியதும் நாளை பின்னியதும் ஒரே இறுக்கத்தில் இருக்காது. இறுக்கம் மாறினால் உறிஞ்சும் அளவும் மாறும். வீட்டுக்கு நான்கு செய்து கொள்ள இது போதும். 100 எண்ணி விற்கிறவர்கள் ஆலைத் திரி வாங்குவதே நல்லது.

கேள்வி: "சிரட்டையில் மெழுகு ஊற்றி விற்கிறோம். சுற்றுலா வருகிறவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். போன மாதம் ஒருவர், சிரட்டையே கருகிவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார். எந்தத் திரி போட வேண்டும்?" (வாசகி, கன்னியாகுமரி)

பதில்: திருப்பிக் கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்லுங்கள். சொல்லாமல் போயிருந்தால் யார் வீட்டு மேசையிலாவது பற்றியிருக்கும். சிரட்டை அடுப்பெரிக்கிற பொருள் என்பதை மறக்கக் கூடாது.

சிரட்டையின் சிக்கல் அதன் வடிவம். வாய் அகலம், அடி குறுகல். வாயின் அகலத்துக்குத் தக்க திரி போட்டால் மேலே அழகாக எரியும். பாதிக்குக் கீழே இறங்கியதும் அதே தீக்குச் சுவர் பக்கத்தில் வந்துவிடும். அதனால் வாயை அளக்காதீர்கள். உயரத்தில் பாதியில் எவ்வளவு அகலம் இருக்கிறதோ அதற்கு ஏற்ற திரியைப் போடுங்கள். மேலே ஓரத்தில் கொஞ்சம் மெழுகு உருகாமல் நிற்கும், நிற்கட்டும்.

திரியின் அடியில் கோக்கிற தகரத் தட்டு கடையில் கிடைக்கும். கழுத்து உயரமாக இருக்கும் தட்டாகப் பார்த்து வாங்குங்கள். கழுத்துக்குக் கீழே மெழுகு ஏறாது. அடியில் ஒரு செ.மீ மெழுகு மிச்சமிருக்கும்போதே தீ தானாக அணைந்துவிடும். சிரட்டையின் உள்நாரைச் சுரண்டி வழவழப்பாக்குங்கள். பீங்கான் தட்டின் மேல் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், கண் மறைவில் விடக் கூடாது என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். கடைசி வரை எரித்துச் சோதிக்காத சிரட்டையை விற்காதீர்கள். எரியும்போது வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பிடிக்க முடியாத அளவு சூடேறினால் திரியை ஓர் அளவு குறையுங்கள்.

சிரட்டை, கண்ணாடி டம்ளர் போன்றவற்றுக்கு நடுவில் மெல்லிய கம்பி வைத்த திரியும் விற்கிறார்கள். உருகிய மெழுகில் சாயாமல் நிற்பதற்காக அது. இப்போது வருவது பெரும்பாலும் துத்தநாகக் கம்பி. பழைய சரக்கில் ஈயக் கம்பி இருக்கலாம். எரியும்போது ஈயம் காற்றில் கலக்கும் என்பதால் அமெரிக்காவில் 2003-இல் அதைத் தடை செய்தார்கள். கம்பியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரிச் சாம்பல் நிறம் விழுந்தால் அந்தத் திரி வேண்டாம்.

கேள்வி: "மெழுகு உருக்கும்போது ஒருமுறை தீப்பிடித்துவிட்டது. எப்படித் தவிர்ப்பது?" (வாசகர், அருமனை)

பதில்: மெழுகுப் பாத்திரத்தை அடுப்பின் மேல் நேரடியாக வைக்கவே கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுப் பாத்திரம். அப்போது சூடு 100 டிகிரியைத் தாண்டாது. 85 டிகிரிக்கு மேல் நெடுநேரம் விட்டால் நிறமும் மணமும் கெடும் என்பதால் உருகியதும் அடுப்பைக் குறையுங்கள். 70 முதல் 75 டிகிரியில் அச்சில் ஊற்றுங்கள். அதற்கு மேல் சூடாக ஊற்றினால் ஆறும்போது சுருங்கி வெடிப்பு விடும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ தெறித்துப் பரவும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

குலசேகரம் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. திரி வாங்கி வர இரண்டு நாள், சோதிக்க நான்கு நாள், வார்க்க ஒரு வாரம் போதும். நான்கு திரியில் எது நின்றது, எத்தனை மணி நேரம் எரிந்தது என்று நோட்டில் எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள். என் கணக்கைவிட உங்கள் கணக்கு மற்ற வாசகர்களுக்கு அதிகம் பயன்படும். அடுத்த இதழில் அதை வெளியிடலாம்.

மழைக்காலத்தில் அடைகளை மெழுகுப்புழுவிடமிருந்து காப்பாற்றுவது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதிலும் அடுத்த இதழில்.